நகரமும் போலீஸ் சங்கமும் ஒப்பந்தம் பேசுவது எப்படி: ஆஸ்டின் கதையை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போலீஸ்காரர்களுக்குச் சங்கமா? நம் ஊரில் அப்படியெல்லாம் கிடையாதே?

கிட்டத்தட்ட கிடையாதுதான். 1966-இல் வந்த போலீஸ் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இந்தியாவில் போலீஸ்காரர் அனுமதியில்லாமல் எந்தத் தொழிற்சங்கத்திலும் சேர முடியாது. கேரளாவில் அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் உண்டு. ஆனால் அவையும் சம்பளம் பேச அரசோடு மேசையில் சரிசமமாக உட்காருவதில்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கும் இந்த உரிமை சுலபமாக வந்துவிடவில்லை. 1919 செப்டம்பரில் பாஸ்டன் நகரத்தில் 1,500 பேர் கொண்ட படையில் 1,100-க்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் வைக்கக்கூடாது என்று கமிஷனர் தடுத்ததுதான் உடனடிக் காரணம். கடைகள் சூறையாடப்பட்டன, ஒன்பது பேர் இறந்தார்கள், மாநில ஆளுநர் கால்வின் கூலிட்ஜ் படையை இறக்கினார். வெளியேறிய ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவர்கள் இடத்தில் சேர்ந்த புது ஆட்களுக்குக் கூடுதல் சம்பளமும் இலவசச் சீருடையும் கொடுத்தார்கள். பழைய ஆட்கள் கேட்டதும் அதைத்தான்! கூலிட்ஜ் அந்தப் புகழிலேயே ஜனாதிபதி பதவிவரை போனார்.

அதற்குப் பிறகு போலீஸ் சங்கம் என்ற பேச்சு பல பத்தாண்டுகள் பெரிதாக எழவில்லை. 1935-இல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் தனியார் துறைக்கு மட்டும்தான். மாநில, நகர ஊழியர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் போலீஸ் சங்கத்துக்கு என்னென்ன உரிமை என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே முடிவு செய்தது. "அமெரிக்காவில் போலீஸ் சங்கம் எப்படி?" என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாததற்கு இதுதான் காரணம். இந்தப் பக்கம் டெக்சாஸின் தலைநகரான ஆஸ்டினைப் பற்றியது. ஒரே நகரத்தில் ஏழு வருடத்துக்குள் ஒப்பந்தம் நிராகரிக்கப்பட்டது, புதுப்பிக்கப்பட்டது, காலாவதியானது, மக்கள் வாக்கெடுப்புக்குப் போனது, கோர்ட்டுக்கும் போனது. பாடம் படிக்க இதைவிட நல்ல ஊர் அமையாது.

டெக்சாஸ் சங்கங்களுக்கு எதிரான மாநிலம் ஆயிற்றே?

ஆமாம். அரசு ஊழியர்களோடு கூட்டுப் பேரம், அதாவது எல்லோருக்குமாகச் சங்கத்தோடு பேசிச் சம்பளம் முடிவு செய்வது, நடத்தக்கூடாது என்பதுதான் அங்கே பொது விதி. பள்ளி ஆசிரியருக்கு அந்த உரிமை இல்லை. குப்பை அள்ளும் நகராட்சித் தொழிலாளிக்கும் இல்லை. ஆனால் போலீசுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன.

ஒன்று, நகர வாக்காளர்கள் வாக்கெடுப்பு நடத்தி முழுக் கூட்டுப் பேர உரிமையை வழங்குவது. சான் அன்டோனியோ 1974-இல் அப்படி வழங்கியது. இன்னொன்று, "சந்தித்துக் கலந்து பேசுவது" என்ற ஏற்பாடு. ஆஸ்டின் போலீஸ் சங்கம் இந்த இரண்டாவது வாசல் வழியாக வருகிறது. இதில் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. நகரம் எழுந்து போகலாம், சங்கமும் எழுந்து போகலாம். இரண்டு தரப்பும் அப்படி எழுந்து போயிருக்கின்றன.

ஒப்பந்தமே இல்லாவிட்டால் என்ன ஆகும்? போலீஸ் வேலைக்கு வராதா?

வருவார்கள். ரோந்து நடக்கும், சம்பளம் வரும். ஆனால் நகரம் மாநிலத்தின் சிவில் சர்வீஸ் சட்டத்தின் கீழ் போய்விடும். உள்ளாட்சிச் சட்டத் தொகுப்பின் 143-ஆவது அத்தியாயம் அது. இந்த 143 புரியாமல் ஆஸ்டின் பேச்சுவார்த்தையில் எதுவும் புரியாது. எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களை போலீசில் நுழைக்கக்கூடாது, பிடிக்காதவரைத் தூக்கியடிக்கக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த சட்டம் இது. பதவி உயர்வு எழுத்துத் தேர்வு மதிப்பெண்படி. அதோடு சீனியாரிட்டிக்கு ஆண்டுக்கு ஒரு மதிப்பெண், அதிகபட்சம் பத்து. இவர் நல்ல அதிகாரியா, ஆட்களை நடத்தத் தெரியுமா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் தலைமைக் காவல் அதிகாரிக்குக் குறைவு. தண்டனை என்றால் 15 நாள்வரை சஸ்பென்ஷன், அதற்கு மேல் டிஸ்மிஸ்தான். அந்த டிஸ்மிஸுக்கு அங்கே "காலவரையற்ற சஸ்பென்ஷன்" என்று பெயர். முதல்முறை படிக்கிறவர்கள் ஆளை வீட்டுக்கு அனுப்பினார்களா இல்லையா என்று குழம்பிப்போவார்கள்.

தவறு நடந்து 180 நாளுக்குள் தண்டிக்காவிட்டால் பொதுவாகத் தண்டிக்கவே முடியாது. தண்டனையில் முடியாத விசாரணைகளின் காகிதங்களைத் துறை ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். வெளியாள் யாரும் உள்விசாரணையில் எட்டிப் பார்க்க வழியில்லை.

ஒப்பந்தம் என்பது இந்தச் சட்டத்தின் மேல் போடும் விதிவிலக்கு. நகரமும் சங்கமும் கையெழுத்திட்டால், முரண்படும் இடங்களில் மாநிலச் சட்டத்தைவிட ஒப்பந்தமே செல்லும். ஒப்பந்தம் காலாவதியானால் பழையபடி 143.

அப்படியானால் சம்பள உயர்வுக்காகத்தானே பேச்சுவார்த்தை?

சங்கத்துக்கு அப்படி இருக்கலாம். நகரத்துக்கு அப்படி இல்லை. சம்பளத்தை உயர்த்த வேண்டும் என்றால் நகர மன்றம் பட்ஜெட்டிலேயே உயர்த்தலாம், யார் கையெழுத்தும் தேவையில்லை. சங்கம் சம்மதித்தால் மட்டுமே கிடைக்கும் சில சங்கதிகளுக்காகத்தான் நகரம் மேசைக்கு வருகிறது. எழுத்துத் தேர்வைத் தாண்டிப் பதவி உயர்வு, வேறு ஊர்ப் போலீசில் இருந்து அனுபவசாலிகளை எடுப்பது, விசாரணையைப் பார்க்கும் வெளிக் கண்காணிப்பு, 180 நாள் கெடுவைத் தளர்த்துவது ஆகியவை அதில் முக்கியம்.

மாநிலச் சட்டத்திடம் அடகில் இருக்கும் நகையை நகரம் ஊதிய உயர்வு என்ற பணம் கட்டி மீட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்தால் நகை மறுபடி அடகுக்கடைக்கே போய்விடும். ஒவ்வொரு நாலைந்து வருடத்துக்கும் மீட்புத் தொகை ஏறும். கண்காணிப்பு என்பது குடிமக்களின் உரிமையா, சங்கம் விலைபேசி விற்கும் சரக்கா? ஆஸ்டின் சண்டை முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. அது சரக்காக இருக்கவே கூடாது என்பது என் கட்சி. ஆனாலும் சங்கத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மாநிலம் கையில் கொடுத்த சீட்டை யார்தான் சும்மா கீழே போடுவார்கள்?

மேசையில் யார் யார் உட்காருகிறார்கள்?

நகரத்தின் பக்கம் நகர மேலாளரின் கீழுள்ள தொழிலாளர் உறவு அதிகாரிகளும் வக்கீல்களும். ஆஸ்டினில் நிர்வாகத்தை நடத்துவது மேயர் அல்ல, மன்றம் நியமிக்கும் நகர மேலாளர். சங்கத்தின் பக்கம் தலைவர், பேச்சுவார்த்தைக் குழு, தொழில்முறைப் பேச்சாளர். மேயரும் கவுன்சிலர்களும் மேசையில் உட்காருவதில்லை. முடிவான வரைவு முதலில் சங்க உறுப்பினர்கள் வாக்குக்கும், பிறகு மன்றத்தின் வாக்குக்கும் போகும். இரண்டிலும் தேற வேண்டும்.

ஆஸ்டினில் பல சுற்றுகள் பொதுமக்கள் பார்க்கத் திறந்த கதவோடு நடந்தன. யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். 2017-இல் போலீஸ் சீர்திருத்தம் கேட்கும் ஆஸ்டின் ஜஸ்டிஸ் கோயலிஷன் போன்ற அமைப்புகளின் ஆட்கள் அமர்வு அமர்வாகப் போய் உட்கார்ந்து, ஷரத்து ஷரத்தாகக் குறிப்பெடுத்தார்கள். அதுதான் பின்னால் வேலை செய்தது.

2017 டிசம்பரில் என்னதான் நடந்தது?

ஐந்தாண்டு ஒப்பந்தம் தயாராக இருந்தது. மதிப்பு 8 கோடியே 25 லட்சம் டாலர். சங்கம் ஒப்புக்கொண்டுவிட்டது. இனி மன்றத்தில் கைதூக்குவதுதான் பாக்கி என்று எல்லோரும் நினைத்தார்கள். டிசம்பர் 13 அன்று மக்கள் வரிசையாக வந்து இரவு வெகுநேரம்வரை பேசினார்கள். அவர்கள் சொன்னது சுருக்கமாக இது: இவ்வளவு பணம் கொடுக்கிறீர்கள், பதிலுக்கு என்ன வாங்கினீர்கள்? கண்காணிப்பு பழையபடி பல்லில்லாமல்தானே இருக்கிறது? மன்றம் ஒருமனதாக ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பியது.

அமெரிக்க நகர மன்றங்கள் போலீஸ் ஒப்பந்தத்தை இப்படி நிராகரிப்பது அபூர்வம். தேர்தலில் "போலீசுக்கு எதிரானவர்" என்ற பட்டம் வாங்க எந்தக் கவுன்சிலருக்கும் ஆசை இருக்காது.

பழைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் காலாவதியானது. 143 திரும்பி வந்தது. போலீஸ்காரர்களுக்குச் சில சிறப்புப் படிகள் நின்றன. அதே சமயம், இருந்த கொஞ்சநஞ்சக் கண்காணிப்பும் நின்றது, ஏனென்றால் அதுவும் அந்த ஒப்பந்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தரப்பும் அடிபட்டதால்தான் இரண்டு தரப்பும் மேசைக்குத் திரும்பின.

திரும்பி வந்து என்ன சாதித்தார்கள்?

2018 நவம்பரில் நாலாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு 4 கோடியே 46 லட்சம் டாலர். ஓராண்டு குறைவு என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் முந்தைய வரைவைவிட மலிவு. புதிதாகப் போலீஸ் கண்காணிப்பு அலுவலகம் வந்தது. பெயர் சொல்லாமல், இணையம் வழியாகவும் புகார் கொடுக்கலாம் என்றானது. அதற்கு முன், நேரில் வந்து சத்தியப் பிரமாணத்தோடு கையெழுத்திடு என்ற நடைமுறைக்குப் பயந்தே பலர் புகார் கொடுக்காமல் இருந்தார்கள்.

கூடுதல் உரிமை, குறைந்த விலை. "வேண்டாம்" என்று எழுந்து போகும் துணிச்சலுக்கு என்ன மதிப்பு என்று பேச்சுவார்த்தை வகுப்பு எடுப்பவர்கள் இதைக் காட்டலாம்.

ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியது வேறு, நடைமுறை வேறு. கண்காணிப்பு அலுவலகம் புகார்களை அப்படியே கைமாற்றிவிடாமல், தானே சாட்சிகளோடு பேசி, ஆதாரம் திரட்ட ஆரம்பித்தது. இது விசாரணை, ஒப்பந்தம் இதற்கு அனுமதிக்கவில்லை என்று சங்கம் முறையிட்டது. 2021 டிசம்பரில், ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கும் பொது நடுவர் சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அலுவலகம் புகாரை வாங்கலாம், பார்க்கலாம், துருவக்கூடாது. கண்காணிப்பை ஒப்பந்தத்துக்குள் வைத்தால் அதன் எல்லையைத் தீர்மானிப்பவர் ஒப்பந்தத்தைப் படிக்கும் நடுவர்தான்.

அந்த 180 நாள் கெடுவில் அப்படி என்ன இருக்கிறது?

பக்கத்து ஊரான சான் அன்டோனியோவில் நடந்ததைக் கேட்டால் புரியும். 2016-இல் அங்கே ஒரு போலீஸ்காரர், ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே நாய் மலத்தை வைத்து, வீடில்லாத ஒருவருக்குக் கொடுத்தார் என்று டிஸ்மிஸ் செய்யப்பட்டார். மேல்முறையீட்டில் நடுவர் அந்த டிஸ்மிஸை ரத்து செய்தார். சம்பவம் எந்தத் தேதியில் நடந்தது என்று துறையால் நிரூபிக்க முடியவில்லை, 180 நாள் கெடுவுக்குள் தண்டித்ததாகக் காட்ட முடியவில்லை என்பதே காரணம். வேறொரு அசிங்கமான செயலுக்காகவும் அவரை டிஸ்மிஸ் செய்திருந்தார்கள். அது நின்றதால் மட்டும்தான் அவர் திரும்பி வரவில்லை.

கெடுவுக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த ஊழியரின் தலைக்கு மேலும் பத்து வருடம் கத்தி தொங்கக்கூடாது. ஆனால் கெடு தொடங்குவது துறைக்குத் தெரிந்த நாளில் இருந்து அல்ல, சம்பவம் நடந்த நாளில் இருந்து. அடிவாங்கியவர் ஜெயிலில் இருந்து வெளியே வந்து வக்கீலைப் பார்த்துப் புகார் எழுதுவதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். ஆஸ்டினின் 2024 ஒப்பந்தத்தில் இந்தக் கெடு 365 நாளாக நீண்டது. எனக்குக் கேட்டால் அந்த ஒப்பந்தத்தில் உருப்படியான வரி அதுதான். செய்தித் தலைப்புகளில் அது வரவில்லை.

"ஜி ஃபைல்" என்று அடிக்கடி அடிபடுகிறதே, அது என்ன?

143-ஆவது அத்தியாயத்தில் ஊழியர் கோப்புகளைப் பற்றிய பிரிவின் ஜி உட்பிரிவு, ஒவ்வொரு போலீஸ்காரர் மீதும் துறை தன் உபயோகத்துக்கு ஒரு தனிக் கோப்பு வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. அதை வெளியாருக்குக் காட்ட வேண்டியதில்லை. புகார் வந்தது, விசாரித்தார்கள், தண்டனை இல்லை என்றால் காகிதம் எல்லாம் அதற்குள். ஒருவர் மேல் ஒரே மாதிரிப் பல புகார்கள் வந்திருந்தாலும் வெளியே தெரியாது.

அந்தக் கோப்பை வைத்துக்கொள்ளலாம் என்று மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது, வைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, "எங்கள் நகரம் அந்தக் கோப்பை வைத்துக்கொள்ளக் கூடாது" என்று குடிமக்கள் ஒரு சட்டம் எழுதினார்கள். அது எப்படி நிறைவேறியது என்பது அடுத்தடுத்த பதில்களில்.

2020-இல் ஆஸ்டின் போலீஸ் பட்ஜெட்டையே வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பாதி உண்மை. ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரை மினியாபோலிஸ் போலீஸ்காரர் கொன்ற பிறகு, அந்த ஆகஸ்டில் மன்றம் 15 கோடி டாலர் அளவுக்குப் போலீஸ் பட்ஜெட்டை மாற்றியமைக்க வாக்களித்தது. தொகை துறை பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் நாடு முழுக்கச் செய்தி. உடனடி வெட்டு சுமார் 2 கோடி டாலர்தான். மீதியில் பெரும்பகுதி தடயவியல் கூடம், அவசர அழைப்பு மையம் போன்றவற்றைப் போலீஸ் துறைக்கு வெளியே நகர்த்தும் திட்டம். புதிய பயிற்சி வகுப்புகள் நின்றது மட்டும் நிஜமாகவே வலித்தது.

மாநில அரசு சும்மா இருக்கவில்லை. 2021-இல் ஹவுஸ் பில் 1900 வந்தது. இரண்டரை லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரம் போலீஸ் பட்ஜெட்டைக் குறைத்தால் வரி வருமானத்தில் கைவைத்துத் தண்டிக்கும் சட்டம். நகரம் பணத்தையெல்லாம் திரும்ப வைத்தது. இதன் விளைவைப் பேச்சுவார்த்தை மேசையில் பாருங்கள். செலவைக் குறைப்போம் என்று நகரம் இனி மிரட்டவே முடியாது. எதிர்த்தரப்புக்கும் அது தெரியும். ஆள் பற்றாக்குறை வேறு. 2023 வாக்கில் 300-க்கும் மேற்பட்ட இடங்கள் காலி. ஆள் கிடைக்காத காலத்தில் சம்பளம் பேசினால் யார் கை ஓங்கும் என்பது ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

2023-இல் ஒரே பெயரில் இரண்டு வாக்கெடுப்பு நடந்ததாமே?

நடந்தது. ஈக்விட்டி ஆக்‌ஷன் என்ற அமைப்பு கையெழுத்து திரட்டி "ஆஸ்டின் போலீஸ் கண்காணிப்புச் சட்டம்" என்ற மனுவைக் கொண்டுவந்தது. ஜி ஃபைல் கூடாது, கண்காணிப்பு அலுவலகம் விசாரிக்கலாம், இவற்றை ஒப்பந்தத்தில் விலைபேசக் கூடாது என்பது அதன் சாரம். அதே நேரத்தில் இன்னொரு மனுவும் ஊரைச் சுற்றியது. பெயர் அதே "ஆஸ்டின் போலீஸ் கண்காணிப்புச் சட்டம்". உள்ளே இருந்ததோ கண்காணிப்பை மெலிதாக்கும் ஷரத்துகள். போலீஸ் சங்கத்தின் பணம் அதன் பின்னால் இருந்தது. பல்பொருள் அங்காடி வாசலில் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் எதில் போட்டோம் என்று தெரிந்து போட்டார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கே வெளிச்சம்.

இதற்கிடையில் ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தது. 2023 பிப்ரவரியில் நாலாண்டுக்கான புது வரைவு கிட்டத்தட்டத் தயார். வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் இருக்கையில் நாலு வருடத்துக்கு ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மன்றம் அதை ஓரம் கட்டி, ஓராண்டு ஒப்பந்தம் போதும் என்றது. சங்கம் முடியாது என்று எழுந்துவிட்டது. மார்ச் 31 அன்று ஒப்பந்தம் காலாவதி. சம்பளத்தையும் சலுகைகளையும் மட்டும் நகரம் தன் மன்றம் இயற்றிய நகரச் சட்டத்தால் தொடர்ந்து கொடுத்தது. ஓய்வுக்காலப் பணக் கணக்குப் பார்த்த பல சீனியர்கள் அந்த மாதமே ஓய்வு வாங்கிக்கொண்டார்கள்.

மே 6 அன்று வாக்கெடுப்பு. ஈக்விட்டி ஆக்‌ஷன் கொண்டுவந்த ஏ என்ற முன்மொழிவுக்குச் சுமார் 70 சதவீதம் ஆதரவு. சங்கத்தின் பி, ஐந்தில் நாலு பேர் எதிர்த்துத் தோற்றது. பெயர்க் குழப்பம் கடைசியில் யாரையும் ஏமாற்றவில்லை.

அப்புறம் ஏன் கோர்ட்?

வாக்கெடுப்பில் ஜெயித்ததும் நகரம் ஜி ஃபைலைத் திறந்துவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். மாநிலச் சட்டம் இருக்கிறது, சங்கத்தோடு பேச வேண்டும் என்று நகரம் இழுத்தடித்தது. ஈக்விட்டி ஆக்‌ஷன் வழக்குப் போட்டது. 2024 ஆகஸ்ட் கடைசியில், ஆஸ்டின் அடங்கிய டிராவிஸ் கவுண்டியின் நீதிபதி, நகரம் இனி ஜி ஃபைல் வைத்துக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்பு மேசையையே மாற்றியது. அதுவரை சங்கம் விற்கும் சரக்காக இருந்த ஒன்று, விற்பனையில் இருந்தே போய்விட்டது. ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய தேவையும் நகரத்துக்கு இல்லை. இரண்டே மாதத்தில் ஒப்பந்தம் முடிவானது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

2024 ஒப்பந்தத்தில் எவ்வளவு?

அக்டோபர் 24 அன்று மன்றம் ஒப்புதல் கொடுத்தது. ஐந்தாண்டுக்கு 21 கோடியே 80 லட்சம் டாலர். முதல் ஆண்டு 8 சதவீத உயர்வு, பிறகு ஆண்டுக்கு 5. பத்திரிகைகள் எல்லாம் "28 சதவீதம்" என்று எழுதின. அது வெறும் கூட்டல். உயர்வின் மேல் உயர்வு ஏறுவதைக் கணக்குப் போட்டால் 31-ஐத் தாண்டும். எந்த ஊர் ஊதிய ஒப்பந்தத்தைப் படித்தாலும் இந்த ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

2018-இல் நாலு வருடத்துக்கு நாலரைக் கோடி, 2024-இல் ஐந்து வருடத்துக்கு இருபத்திரண்டு கோடி. ஆறு வருடத்தில் மீட்புத் தொகை எங்கே போய்விட்டது பார்த்தீர்களா! ஆள் பற்றாக்குறையும், விலைவாசியும், வெட்ட முடியாத பட்ஜெட்டும் சேர்ந்த விலை அது.

நகரத்தால் இதைத் தாங்க முடியுமா? என் சொத்து வரி ஏறுமா?

ஆஸ்டினில் வீடு வாங்கிய தமிழர் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதற்குப் பதில் சொத்து வரி உயிரை எடுக்கும். 2019-இல் வந்த மாநிலச் சட்டப்படி, ஏற்கெனவே உள்ள சொத்துகளில் இருந்து நகரம் தன் இயக்கச் செலவுக்கு வசூலிக்கும் வரியை ஆண்டுக்கு 3.5 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டும் என்றால் வாக்காளர்களிடம் போக வேண்டும். போலீஸ் சம்பளம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது. வரி 3.5 ஏறுகிறது. போலீஸ் துறையோ நகரின் பொது நிதியில் மூன்றில் ஒரு பங்கை விழுங்குவது. இடைவெளியை நூலகமோ பூங்காவோ மருத்துவ உதவியோதான் தாங்க வேண்டியிருக்கும்.

நகரம் 2025 நவம்பரில் வாக்காளர்களிடம் போனது. 100 டாலர் சொத்து மதிப்புக்கு 5 சென்ட் கூடுதலாகக் கேட்டது. கியூ என்ற அந்த முன்மொழிவு பெரிய வித்தியாசத்தில் தோற்றது. பட்ஜெட் நெருக்கடிக்கு போலீஸ் ஒப்பந்தம் மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. கோவிட் கால மத்திய நிதி நின்றதும், விற்பனை வரி தளர்ந்ததும் உண்டு. ஆனால் மற்றதையெல்லாம் வெட்டலாம், கையெழுத்துப் போட்டதை வெட்ட முடியாது.

ஒத்துவராவிட்டால் போலீஸ் வேலைநிறுத்தம் செய்யலாமா?

டெக்சாஸில் கூடாது. செய்தால் வேலை, சீனியாரிட்டி எல்லாம் போகும். மற்ற ஊர்களில் திடீரென்று எல்லோருக்கும் ஒரே நாளில் உடம்பு சரியில்லாமல் போகும். சீருடை நிறத்தை வைத்து "நீலக் காய்ச்சல்" என்பார்கள். 1979-இல் நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் நேரடியாகவே வேலைநிறுத்தம் செய்து, மார்டி கிரா திருவிழா ஊர்வலங்களே நகரத்துக்குள் நடக்காமல் போயின.

மற்ற மாநிலங்களிலும் இப்படித்தானா?

இல்லை. பென்சில்வேனியா (1968 சட்டம்), மிச்சிகன் (1969 சட்டம்) போன்ற இடங்களில் பேச்சு முறிந்தால் நடுவர் சம்பளத்தையே நிர்ணயித்துவிடுவார், நகரம் கட்டுப்பட வேண்டும். நியூயார்க்கில் 1982-இல் வந்த திருத்தப்படி, புது ஒப்பந்தம் வரும்வரை பழையது உயிரோடு இருக்கும். அங்கே ஆஸ்டின் மாதிரி எழுந்து போனால் நகரத்துக்கு ஒன்றும் கிடைக்காது.

டிஸ்மிஸ் ஆனவர்கள் நடுவரிடம் போவதுதான் எல்லா இடத்திலும் பெரிய தலைவலி. 2006-க்குப் பிறகான பத்தாண்டுச் சொச்சத்தில் பெரிய நகரங்கள் டிஸ்மிஸ் செய்த 1,881 பேரில் 450-க்கும் மேற்பட்டவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று என்று வாஷிங்டன் போஸ்ட் 2017-இல் எண்ணிச் சொன்னது. கடும் தண்டனை வழக்குகளையும் மூடிய அறைக்குள் நடுவர் முன் நடத்தலாம் என்று 2023-இல் சிகாகோவில் ஒரு நடுவர் முடிவு செய்தார். நகர மன்றம் இரண்டு முறை அதை நிராகரித்தது. 2024 மார்ச்சில் நீதிபதி இரண்டு பேருக்கும் பாதி கொடுத்தார்: நடுவரிடம் போகலாம், ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும்.

சான் அன்டோனியோவில் சிலர் வேரையே வெட்டப் பார்த்தார்கள். போலீசின் கூட்டுப் பேர உரிமையை ரத்து செய்யும் வாக்கெடுப்பு 2021 மே மாதம் நடந்தது. சுமார் 51-க்கு 49 என்று சங்கம் தப்பித்தது.

நான் கிரீன் கார்டுதான், ஓட்டில்லை. இதில் எனக்கு என்ன வேலை இருக்கிறது?

வாக்களிக்கவோ வாக்கெடுப்பு மனுவில் கையெழுத்திடவோ முடியாது. அந்தக் கையெழுத்துகள் பதிவுபெற்ற வாக்காளர்களுடையதாக இருக்க வேண்டும், ஆஸ்டினில் 20,000 தேவை. ஆனால் நகர மன்றக் கூட்டத்தில் பேசப் பெயர் கொடுப்பதற்குக் குடியுரிமை கேட்பதில்லை. போலீஸ் உங்களை நிறுத்தி நடத்திய விதத்தில் குறை இருந்தால், விசா எதுவானாலும், கண்காணிப்பு அலுவலகத்துக்குப் பெயர் சொல்லாமல் எழுதலாம். தேதி, நேரம், இடம், வண்டி எண் ஆகியவற்றை அன்றே குறித்து வையுங்கள். தேதி இல்லாத புகார் என்ன ஆகும் என்பதற்குச் சான் அன்டோனியோ ரொட்டிக் கதையே போதும். இப்போதைய ஒப்பந்தம் 2029-இல் முடிகிறது, அதற்கு முன்பே பேச்சுவார்த்தை தொடங்கிவிடும். அமர்வுகள் திறந்திருந்தால் பின்வரிசையில் நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.